அம்மாவின் தலைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் அம்மா போன ஐப்பசியில் காலமானார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் நாலு பேர், பேரப்பிள்ளைகள் ஒன்பது. தலைத் திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் போட ஆசை. நாலு மாதம் இருக்கிறது. அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதி 01-01-1945. தாத்தா எழுதிவைத்த ஜாதக நோட்டில் விஷு வருஷம் தை 12, ஞாயிற்றுக்கிழமை என்று இருக்கிறது. எதைப் போடுவது? பழைய படங்கள் ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. எழுத உட்கார்ந்தால் ‘அன்பின் திருவுருவம், பொறுமையின் சிகரம்’ தவிர ஒன்றும் வரவில்லை. அம்மாவோ நல்ல கோபக்காரர். அண்ணன், ‘நல்லது மட்டும் எழுது’ என்கிறார். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா போடும் மோர் மிளகாயின் பக்குவத்தையும் சேர்க்கலாமா?
வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நாலு மாதம் தாராளம். வேலையின் வரிசை மாறினால்தான் போதாமல் போகும். எல்லோரும் முதலில் ஆல்பத்தைத்தான் பிரிக்கிறார்கள். ஆல்பம் பீரோவிலேயே இருக்கும், எங்கும் போகாது. அம்மாவோடு பிறந்தவர்கள், சேர்ந்து நாற்று நட்டவர்கள், பக்கத்து வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவர்கள் அப்படியில்லை. ஆகவே முதல் மாதம் முழுக்க ஆட்களுக்கு. படமும் அச்சும் பிறகு.

அதற்கும் முன்னால் ஒரு போன். திவசம் செய்துவைக்கும் ஐயரிடம் நாளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது இங்கிலீஷ் தேதிப்படி வராது. அதே ஐப்பசி, அதே பட்சம், அதே திதி. போன வருஷத் தேதிக்குப் பெரும்பாலும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். அப்படி முன்னால் போனது புரட்டாசிக்குள் விழுந்தால், பதினெட்டு பத்தொன்பது நாள் பின்னால் தள்ளிப்போகும். கிட்டத்தட்ட ஒரு மாத வித்தியாசம். அச்சகத்துக்குத் தேதி சொன்ன பிறகு இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஆட்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். உறவில் நெருங்கியவர் யார் என்ற கணக்கு இப்போது வேண்டாம். காலைப் பலகாரம் முடிந்து பத்து மணிவாக்கில் பெரியவர்களுக்கு நினைவு நன்றாக ஓடும்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடாது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, நாலாக மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் எல்லாம் இடிபோலப் பதியும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சிமென்ட் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் குரல் எதிரொலிக்கும். பாயும் தலையணையும் கிடக்கும் உள்ளறை நல்லது. தொடங்கும்போதே தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், அம்மாவுக்கு என்ன முறை என்று நீங்களே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுபடி ஒரு நாள் போகலாம், அதற்குள் அவருக்கு இன்னும் நாலு விஷயம் ஞாபகம் வந்திருக்கும். அன்றைக்கே கோப்பை இன்னொரு போனுக்கும் ஒரு பென்டிரைவுக்கும் நகல் எடுத்துவிடுங்கள்.

‘அம்மா எப்படிப்பட்டவங்க?’ என்று கேட்காதீர்கள். ‘தங்கமானவ’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ‘தங்கமானவ’, ‘அன்பின் திருவுருவம்’ எல்லாம் எந்த ஊர், எந்தத் தாய்க்கும் பொருந்தும் அச்சு. கையால் செய்ததைக் கேளுங்கள். விடிந்ததும் முதலில் எந்தக் கதவைத் திறப்பார்? அடுப்புச் சாம்பலை எங்கே கொட்டுவார்? காசை எதில் முடிந்து எங்கே வைப்பார்? யாரிடம் கடன் கேட்பார், யாரிடம் கேட்கவே மாட்டார்? ஒரு தாளில் பழைய வீட்டின் வரைபடத்தைப் போட்டு, திண்ணை, கூடம், அடுப்படி, கொல்லை, கிணறு என்று காட்டியபடியே கேட்டால், எழுபது வருஷம் முந்தியது இடத்தோடு எழுந்து வரும். பிறந்த வீட்டுக்கும் இப்படி ஒரு படம் போட்டாக வேண்டும். பெண்களின் நினைவு மலர்களில் பெரிய குறை இதுதான்: கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்துதான் அவர்கள் வாழ்க்கை தொடங்கியதுபோல எழுதுவார்கள். அம்மாச்சியின் பெயரே பல மலர்களில் இருக்காது. பிறந்த வீட்டுக்கு இரண்டு பக்கம் கட்டாயம் ஒதுக்குங்கள்.

பிறந்த தேதிக்கு வருகிறேன். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தாலே, தேதி தெரியாமல் வயதை மட்டும் சொல்லிப் பதிந்தது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஜாதக நோட்டை நம்புங்கள், ஆனால் கணக்கைக் கவனமாகப் போடுங்கள். விஷு வருஷம் 1941 ஏப்ரல் நடுவில் பிறந்து 1942 ஏப்ரல் நடுவில் முடிந்தது. ஆகவே விஷு வருஷத்துத் தை, 1942 ஜனவரி. பலர் ‘விஷு என்றால் 1941’ என்று பட்டியலைப் பார்த்து 1941 ஜனவரி என்று எழுதி வயதில் ஒரு வருஷத்தைக் கூட்டிவிடுவார்கள். மார்கழிப் பின்பாதி முதல் பங்குனி முடிய உள்ள எல்லாத் தேதிக்கும் இந்தச் சறுக்கல் உண்டு. தை முதல் தேதி ஜனவரி 13 அல்லது 14இல் வரும் என்பதால், தை 12 என்பது 24 அல்லது 25. 1942 ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை. உங்கள் நோட்டும் ஞாயிறு என்கிறது. முடிந்தது. தாத்தா கிழமையையும் சேர்த்து எழுதிவைத்தது நல்லதாயிற்று.

இன்னும் ஒரு சாட்சி வேண்டுமென்றால் புயலைக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வருஷத்தை எண்ணால் சொல்ல மாட்டார்கள், புயலால்தான் சொல்வார்கள். நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த 1952 நவம்பர் 30 புயல் ஒன்று, 1977 நவம்பர் 12 இன்னொன்று, 2018 நவம்பர் 16 கஜா. ‘புயலடிச்சப்ப உங்கம்மா அஞ்சாவது படிச்சா’ என்று ஒரு சித்தி சொன்னால், அது 1952ஆக இருந்தால் அம்மாவுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது, 1942க்குப் பொருந்துகிறது. 1945 என்றால் ஏழுதான், ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பில்லை. எந்தப் புயல் என்று மட்டும் கறாராகக் கேளுங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது சகஜம். கல்யாண வருஷத்துக்கு மொய் நோட்டைத் தேடுங்கள். 1957 ஏப்ரல் 1இல் புதுப் பைசா வந்தது. தொகையை ரூபாய், பைசா என்று இரண்டு கட்டமாக எழுதியிருந்தால் அதற்குப் பிந்திய கல்யாணம் என்பது உறுதி. ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டமாக இருந்தால் மட்டும் உடனே முந்தியது என்று முடிவு கட்ட வேண்டாம். அணாக் கணக்கு கிராமங்களில் பிறகும் சில வருஷம் ஓடியது.

மலரில் 25-1-1942 என்றே போடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் காகிதங்களில் இருப்பதை இதற்காகத் தொட வேண்டாம். அவை ஆதாரோடு ஒத்திருந்தால்தான் வேலை நடக்கும். பிறந்த ஊரை எழுதும்போது அன்றைய பெயரில் எழுதுங்கள்: தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா. திருவாரூர் மாவட்டம் வந்தது 1997இல்.

ஒட்டிக்கொண்ட படங்களை இழுக்காதீர்கள். கோடுகோடாகப் பசை பூசிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் என்று நினைக்கிறேன். அந்தப் பசை வருஷம் போகப் போக இறுகும். மூலையைப் பிடித்துத் தூக்கினால் படம் மடிந்து அதன் மேல்பூச்சு வெடிக்கும். மருந்துக் கடையில் பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூல் கிடைக்கும். மெழுகு பூசாததாக ஒரு முழம் எடுத்து இரு கையிலும் சுற்றி, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மூலையில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே உள்ளே போங்கள். படம் அசையவே கூடாது, நூல்தான் அசைய வேண்டும். சூடு காட்டுவது, தண்ணீர் தடவுவது எதுவும் வேண்டாம். பாதியில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை மட்டும் உரித்து, பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். சுவரில் மாட்டிய படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்கும் எண்ணமே வேண்டாம். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள்.

ஸ்கேன் அளவுக்கு ஒரு கணக்கு. அச்சில் தெளிவாக வர, அச்சாகும் அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட் படம் 3.5 செ.மீ. அகலம். அதை முகப்பில் 10.5 செ.மீ. அகலத்துக்குப் போட நினைத்தால் மூன்று மடங்கு, அதாவது குறைந்தது 900. ஸ்கேனரில் 1200 வைத்துவிடுங்கள். அஞ்சலட்டை அளவுப் படங்களுக்கு 600 போதும். கல்யாணக் கூட்டப் படத்தில் அம்மா முகம் நகக்கண் அளவுதான் இருக்கும், அதற்கும் 1200. பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ கிறுக்கிய தேதியும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுதுவதானால் மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் லேசாக. பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் போடும். உறவினர்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய படத்தைப் பளபளப்பாக்கும் செயலிகளை நம்பி அசல் ஸ்கேனை அழித்துவிட வேண்டாம். அது கீறலை எடுக்கும்போது மூக்குத்தியையும் கீறல் என்று எடுத்துவிடும். கன்னத்து மச்சம் போகும். கண்ணை அதுவாகக் கற்பனை செய்து வரையும். அம்மாவைப் போல இருக்கும் வேறு யாரோ ஒருத்தி சிரிப்பாள். தூசி, கீறல், மங்கல் மூன்றை மட்டும் கையால் சரிசெய்யச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். அந்தப் புடவை என்ன நிறம் என்று சித்திக்குத் தெரிந்தால் படத்தின் கீழே ஒரு வரி எழுதலாம்.

எழுத்துக்கு வருவோம். யார் வாயால் எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நாலு பேர் நாலு கட்டுரை எழுதிச் சேர்த்தால், ஒரு பக்கத்தில் அம்மா, அடுத்ததில் அப்பாயி, அதற்கடுத்ததில் அம்மாச்சி, அத்தை. மூன்றாம் தலைமுறைக்கு இது ஒரே ஆள் என்றே புரியாது. வாழ்க்கை வரலாற்றை ஒரே ஆள், அம்மாவின் பெயரைச் சொல்லி, படர்க்கையில் எழுதட்டும். முறை சொல்லி அழைக்கும் நினைவுகள் பின்னால் தனியாக, ஆளுக்கு நூறு சொல்.

கோபத்தைப் பற்றி: உங்கள் அண்ணன் பயப்படுவது நியாயம்தான், ஆனால் ‘கோபக்காரர்’ என்று ஒரு சொல்லாக எழுதினால்தான் அது குற்றச்சாட்டு. நடந்ததை எழுதினால் ஆள் தெரிவார். உதாரணத்துக்கு இப்படி ஒரு வாக்கியம்: ‘களத்தில் நெல் அளக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அளந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி “லாபம்” என்று முதல் மரக்காலிலிருந்து தொடங்குவார்; அன்றைக்கு அவர் எதிரில் யாரும் நிற்க முடியாது.’ கோபமும் வந்துவிட்டது, கணக்கில் இருந்த கண்ணும் வந்துவிட்டது. இதைக் கேட்டு அண்ணனே இன்னொன்று சொல்வார். உயிரோடு இருக்கும் ஒருவரைக் குத்துகிற சங்கதி, பாகப்பிரிவினைச் சண்டை போன்றவை, அவர் சம்மதிக்காமல் வேண்டாம். அதற்காக நடக்காததை நடந்ததாகவும் எழுத வேண்டாம். விட்டுவிடுவது வேறு, மாற்றுவது வேறு. பிறந்து தவறிய குழந்தை இருந்தால் வம்சப் பட்டியலில் அதற்கும் இடம் கொடுங்கள். பெயர் வைக்கவில்லை என்றாலும் ‘ஆண் குழந்தை’, வருஷம். அம்மாவின் கணக்கில் அந்தப் பிள்ளையும் உண்டு.

மோர் மிளகாயைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். அம்மா பக்கத்தில் நின்று போட்டுப் பழகியவர் யாரோ, அவரைப் போடச் சொல்லி நீங்கள் அளக்க வேண்டும். அவர் கை உப்பு எடுப்பதைத் தடுத்து ‘இரு, நிறுக்கிறேன்’ என்றால் கை தப்பிவிடும். அதற்கு ஒரு வழி: உப்பு ஜாடியைத் தொடங்கும் முன் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள், முடிந்ததும் மறுபடி நிறுங்கள், கழித்தால் கை உப்பு எத்தனை கிராம் என்று வந்துவிடும். மிளகாயையும் மோரையும் முன்கூட்டியே நிறுத்து, அளந்து கொடுத்துவிடலாம். ஆழாக்கு 168 மி.லி., எட்டு ஆழாக்கு ஒரு படி என்று ஏட்டில் கணக்கு உண்டு. வீட்டுப் படி ஊருக்கு ஊர் மாறும். அம்மாவின் ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி மி.லி. குறித்த குவளையில் ஊற்றிப் பார்த்து அந்த எண்ணை எழுதுங்கள். ராத்திரி உப்பு மோரில் ஊறல், பகலில் வெயில், மோர் வற்றும் வரை, நாலைந்து நாள். பிறகு ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை வெறும் காய்ச்சல். காம்பருகே ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். இதை ஆடி வெயிலிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி நெருங்கினால் உங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும்.

அச்சு வேலையில் உங்களுக்கு 32 பக்கம் சரியான அளவு. டெம்மி எட்டில் ஒன்று, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், நடுவில் பின் அடிப்பது. இந்தக் கட்டுக்குப் பக்கங்கள் நாலால் வகுபட வேண்டும். 64ஐத் தாண்டினால் புத்தகம் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். 13 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு 180 முதல் 200 சொல் வரும், 12 புள்ளி வேண்டாம், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வரலாறு பன்னிரண்டு பக்கம் என்றால் 2,200 சொல் எழுதினால் போதும். வம்சப் பட்டியலை 16, 17ஆம் பக்கங்களில் போடுங்கள். நடுப்பக்கம் இரண்டும் ஒரே தாள், கோடுகள் பிசகாமல் நேராக ஓடும். பின் விழும் நடுக்கோட்டில் மட்டும் எந்தப் பெயரும் வரக்கூடாது. எழுத்துப் பக்கத்துக்கு 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ தாள் போதும் என்பார்கள். தாளின் மறுபக்கம் படம் இருந்தால் இந்தப் பக்கம் தெரியும். முழுவதும் 100 ஜிஎஸ்எம் போட்டுவிடுங்கள், அட்டை 300. வழவழ ஆர்ட் பேப்பரில் படம் அழகாக வரும், ஆனால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பெரியவர்களால் எழுத்தைப் படிக்க முடியாது.

டிடிபி கடையில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நீங்கள் போனில் யூனிகோடில் அடித்துக் கொடுப்பீர்கள். அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவார்கள். மாறும்போது ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கும், ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ கட்டமாகிவிடும். பிடிஎஃப் வந்ததும் இந்த எழுத்துகளை மட்டும் ஒரு முறை தனியாக வேட்டையாடுங்கள். பிறகு தாளில் பிரதி எடுத்து, எழுதாத ஒருவர் சத்தமாக வாசிக்க, எழுதியவர் மூலத்தைப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்துத் திருத்தியது திருத்தம் ஆகாது.

எழுத்துப் பிழையைச் சொந்தங்கள் மன்னிப்பார்கள். பெயர் விடுபட்டால் மாட்டார்கள். வம்சப் பட்டியல் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு அனுப்பி, இனிஷியல், மருமகன் மருமகள் பெயர், பிறந்த வரிசை எல்லாம் சரி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பார்த்தேன்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். திவசத்துக்கு முப்பது நாள் முன்னால் இது முடிந்தால், அச்சுக்கும் கட்டுக்கும் பதினைந்து நாள் போக மிச்சம் கையில் இருக்கும். சரஸ்வதி பூஜை, தீபாவளி இரண்டும் அந்தப் பக்கத்தில்தான் வரும், அச்சகம் அப்போது உங்களைக் கவனிக்காது.

தமிழ் படிக்காத பேரப்பிள்ளைகளுக்காக முழு மலரையும் இரு மொழியில் போட்டால் பக்கம் இரட்டிப்பாகும், யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். வம்சப் பட்டியலில் பெயர்களை ஆங்கில எழுத்திலும் போட்டு, கடைசியில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் சுருக்கம் கொடுங்கள். அவர்கள் படிக்காவிட்டாலும் கேட்பார்கள். அப்பாயியின் வாட்ஸப் குரல் செய்திகள் யார் போனிலாவது இருக்கும். போன் மாற்றும் முன் அவற்றைத் தனிக் கோப்பாக எடுத்துவைத்து, வீட்டுக்காரர் ஒருவரின் கணக்கில் ஏற்றி, கியூஆர் கட்டம் ஒன்று பின்னட்டையில் போடலாம். இலவசத் தளங்கள் தரும் ‘டைனமிக்’ வகை வேண்டாம். சோதனைக் காலம் முடிந்ததும் செத்துப்போகக் கூடியவை. இணைப்பை நேராகக் கட்டத்துக்குள் எழுதும் ‘ஸ்டாட்டிக்’ வகை கேளுங்கள், இரண்டு செ.மீ.க்குக் குறையாமல்.

எத்தனை பிரதி என்பதைத் தலைக்கு ஒன்றாக எண்ணாமல் குடும்பத்துக்கு ஒன்றாக எண்ணுங்கள். 120 குடும்பம் என்றால் 150 பிரதி. டிஜிட்டலில் 150க்கும் ஆஃப்செட்டில் 300க்கும் விலை கேட்டுப் பாருங்கள். ஆஃப்செட்டில் பிளேட் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றே என்பதால் சில சமயம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இருபது பிரதியை முதல் நாளே கட்டி எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வர முடியாதவர்கள், பிறக்கப்போகும் கொள்ளுப்பேரர்கள், ‘என் பிரதியை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க’ என்று கார்த்திகையில் போன் செய்யப்போகும் அத்தை எல்லோருக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.